இடம் யாருக்கு உரியது?

மே மாதம் பிறந்துவிட்டால் பங்கு இல்லங்களின் திண்ணைகளில் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். திருமண ஓலைக்கோ பூசைக் கருத்துக்கோ வந்தவர்கள் அல்லர் இவர்கள். கையில் ஒரு கோப்பு. அதனுள்ளே பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ். கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: "சாமி, காலேஜுக்கு ஒரு லெட்டர் தாங்க." அந்தக் கடிதத்திற்கு எவ்வளவு மதிப்புண்டு என்பது கேட்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் நமக்கும் பல வேளைகளில் தெரியாது. ஆயினும் மறைமாவட்டத்தின் எல்லாப் பங்குகளிலும் அக்கடிதங்கள் எழுதப்படுகின்றன, நாமும் எழுதுகிறோம்.

எழுதும்போது எழ வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒருவருக்காக நாம் பரிந்துரைப்பது நீதியா, முகதாட்சணியமா? கல்லூரியில் இருப்பவை ஐம்பது இடங்கள். கேட்பவர்கள் ஐந்நூறு பேர். நம் கடிதத்தால் ஒருவர் உள்ளே சென்றால் வேறொருவர் வெளியே நிற்கிறார். அந்த வேறொருவரின் முகம் நமக்குத் தெரியாது என்பதாலேயே அவர் இல்லாமற் போய்விடுவதில்லை.

இக்கேள்வி நேற்று முளைத்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார் தம் 'இறையியல் சுருக்க'த்தில் பங்கீட்டு நீதியைப் பற்றி எழுதும்போது முகதாட்சணியத்தை அந்நீதிக்கு எதிரான பாவமாக வைக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கல்விக்கூடத்திலிருந்தே வருகிறது என்பது நம்மை வியக்க வைக்கிறது. ஒருவருக்கு ஆசிரியர் பதவியை அவருடைய அறிவு போதுமானது என்பதற்காக அளித்தால், அங்கே பார்க்கப்படுவது ஆள் அன்று, தகுந்த காரணம். அதே பதவியை அவர் இன்னார், பேதுரு அல்லது மார்ட்டின், என்பதற்காக அளித்தால் அது முகதாட்சணியம். இவ்வளவுதான் அவர் சொல்வது. எளிமையான வரையறை, ஆனால் 'தகுந்த காரணம்' என்ற அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இன்றைய வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மதிப்பெண்தான் தகுந்த காரணம் என்று பலரும் உடனே சொல்லிவிடுவர். கூடுதல் மதிப்பெண் எடுத்தவருக்கே இடம். மற்றதெல்லாம் சலுகை, தயவு, அரசியல். படித்தவர்களின் வீடுகளில் இப்பேச்சு மிகுதி. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலையும் இவர்கள் துணைக்கு அழைக்கலாம். நல்ல குழல்களைப் பங்கிட நேர்ந்தால் அவற்றை உயர்குடிப் பிறந்தோருக்கோ அழகுடையோருக்கோ கொடுக்கலாகாது, நன்றாகக் குழலூதுவோருக்கே கொடுக்கவேண்டும் என்று 'அரசியல்' என்னும் நூலில் அவர் வாதிடுகிறார். சிறந்த குழல் சிறந்த கலைஞனுக்கு. சிறந்த கல்லூரி சிறந்த மாணவனுக்கு. கேட்பதற்கு முறையாகத்தான் இருக்கிறது.

ஆயினும் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். கல்லூரி என்பது குழல் பங்கிடும் இடமா, குழலூதக் கற்றுத்தரும் இடமா? ஏற்கெனவே ஊதத் தெரிந்தவர்களை வரிசைப்படுத்திக் குழல் கொடுப்பது ஒன்று. இதுவரை குழலையே தொட்டிராத பிள்ளைகளுள் யாருக்கு இசை கைவரும் என்று கண்டுபிடிப்பது வேறொன்று. பின்னதற்கு, இன்று யார் நன்றாக ஊதுகிறார் என்ற கேள்வி மட்டும் போதாது. யாருடைய வீட்டில் குழல் இருந்தது, யாருக்கு ஆசிரியர் வீடு தேடி வந்தார், யார் அடுத்த வீட்டு இசையைச் சுவருக்கு இப்பால் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டார் என்றும் கேட்டாக வேண்டும். செங்கற்சூளையில் பெற்றோருடன் ஆண்டில் பாதி நாள் தங்கி, மீதி நாளில் பள்ளி சென்று 600-க்கு 420 எடுத்த பிள்ளையும், மூன்று பாடங்களுக்குத் தனிப்பயிற்சி பெற்று 510 எடுத்த பிள்ளையும் நம் முன் நின்றால், இவ்விருவரில் யாருக்குக் கற்கும் ஆற்றல் மிகுதி என்று மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடுமா? பட்டியல் சொல்வது சென்று சேர்ந்த இடத்தை. புறப்பட்ட இடத்தை அது சொல்வதில்லை.

நம் தமிழகத்தின் வரலாற்றைப் பார்த்தால் எந்த அளவுகோலும் நெடுநாள் தூய்மையாக நிற்கவில்லை என்பது புலப்படும். ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கும் மதிப்பெண் உண்டு. அங்கே உடையும் பேச்சும் தகப்பனார் பெயரும் பேசின. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நேர்மையான அளவுகோல் கிடைத்துவிட்டது என்று எண்ணினோம். சில ஆண்டுகளிலேயே நகரங்களில் அதற்கான பயிற்சி மையங்கள் பெருகின. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இது அநீதி என்று உணர்ந்து தமிழகச் சட்டமன்றம் 2006-இல் சட்டமியற்றி அத்தேர்வை நீக்கியது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே அளவுகோல். இனி ஏழைக்கும் வழி பிறக்கும் என்று நம்பினோம். நடந்தது என்ன? நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றின. நிலத்தை அடகு வைத்தேனும் பிள்ளையை அங்கே சேர்க்கப் பெற்றோர் ஓடினர். அப்போதும் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்றோர் மிகச் சிலரே. 2017 முதல் நீட் தேர்வு வந்தது. ஓராண்டு ஈராண்டு வீட்டிலிருந்தே பயிற்சி பெற்று மீண்டும் மீண்டும் எழுதுவோரின் பங்கு பெருகியதை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டியது. ஓராண்டு வருமானமின்றி வீட்டிலிருந்து படிப்பது எந்தக் குடும்பத்துக்கு முடியும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இவ்வரலாற்றைச் சொல்வது எந்த ஓர் அரசையும் பழிப்பதற்காக அன்று. அளவுகோலை மாற்றியவர்கள் பலரும் நல்லெண்ணத்துடனேயே மாற்றினர். ஆனால் எந்த அளவுகோலை நட்டாலும், பணமும் நேரமும் உடையவர்கள் அதன் உச்சிக்கு ஏற ஏணி செய்துகொள்கிறார்கள். அளவுகோலை மாற்றிக்கொண்டே இருப்பதால் மட்டும் இது தீராது. ஏணி இல்லாதவர் யார் என்பதையும் கணக்கில் எடுக்கும்போதுதான் சிறிதளவேனும் தீரும். 2020-இல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தபோது இந்த உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், ஒரே ஆண்டில் நூற்றுக்கணக்கில் மருத்துவக் கல்லூரிகளுக்குள் நுழைந்தனர். அப்பிள்ளைகள் ஓர் ஆண்டில் திடீரென அறிவாளிகளாகிவிட்டார்களா? இல்லை. அறிவு முன்பும் இருந்தது, வாசல்தான் இல்லை. இதிலும் ஒரு பாடம் உண்டு. அவ்வாண்டின் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டணம் கட்ட வழியின்றி இடத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். அதன் பின்னரே கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இடம் கிடைப்பது வேறு, அங்கே இருக்க முடிவது வேறு.

இங்கே ஓர் எதிர்வாதத்திற்கு மரியாதையுடன் செவிகொடுக்க வேண்டும். எழுத்தராகப் பணிபுரியும் தந்தைக்குப் பிறந்து, கடன் வாங்கிப் படித்து, இரவெல்லாம் விழித்து நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பெண், தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு இடம் கிடைத்ததைக் காண்கிறாள். அவள் யாரிடமிருந்தும் எதையும் திருடியவள் அல்லள். அவள் அழுகை பொறாமையும் அன்று. சமூக நீதி பேசும் சிலர் அவளை ஆதிக்கத்தின் பிரதிநிதி போலப் பேசுவது நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவளுக்கு நேர்ந்தது துன்பமா, அநீதியா என்று பிரித்தறிய வேண்டும். உரியது பறிக்கப்பட்டால் அநீதி. அந்த இடம் அவளுக்கு உரியதாக எப்போது ஆயிற்று? அவள் உழைப்பு அவளுடையது; அதற்குரிய பாராட்டும் அவளுடையது. ஆனால் பொதுப் பணத்தில், தலைமுறை தலைமுறையாகப் பலருடைய வியர்வையில் எழுப்பப்பட்ட கல்லூரியின் இருக்கை எவருடைய உழைப்புக்கும் கூலியாக வைக்கப்பட்டதன்று. நாளை மருத்துவம் பார்க்கப்படவேண்டிய ஊருக்காக, கற்பிக்கப்படவேண்டிய பிள்ளைகளுக்காக வைக்கப்பட்டது. நோக்கம் பொதுநலம் என்றால், பொதுநலத்தை முன்னிட்டு அதை வழங்கும் முறையை வகுப்பதில் அநீதி இல்லை. அம்முறை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததாகவும், தேறி வெளிவரும் தேர்வு எல்லாருக்கும் ஒன்றாகவும் இருக்கும் வரை. நம் நாட்டில் அப்படித்தான் இருக்கிறது. எந்த ஒதுக்கீட்டில் நுழைந்தாலும் இறுதித் தேர்வில் எல்லாருக்கும் ஒரே தாள்தான்.

'தகுதி' என்ற சொல்லின் மீதே நாம் சற்று ஐயம் கொள்வது நல்லது. தகுதியுடையோர் ஆட்சி என்னும் கருத்தைத் தலைப்பாகக் கொண்டு மைக்கேல் யங் என்ற ஆங்கிலேய சமூகவியலார் 1958-இல் ஒரு நூல் எழுதினார். அது அக்கருத்தைப் புகழ எழுதிய நூலன்று. கிண்டல் செய்து எச்சரிக்க எழுதியது. வென்றவர்கள் தங்கள் வெற்றி முழுவதும் தங்களாலேயே என்று எண்ணித் தலைநிமிரவும், தோற்றவர்கள் தங்கள் தோல்விக்குத் தாங்களே காரணம் என்று நம்பிக் குன்றிப்போகவும் அத்தகைய சமூகம் வழிவகுக்கும் என்றார். விந்தை என்னவென்றால், அவர் எச்சரிக்கையாகச் சொன்ன சொல் உலகெங்கும் பாராட்டுச் சொல்லாக மாறிவிட்டது. பழைய பிரபுக்களுக்காவது தங்கள் செல்வம் பிறப்பால் வந்தது என்பது தெரியும். இக்காலப் பிரபுக்களுக்கு அதுவும் தெரிவதில்லை. கூர்மையான புத்தி, அமைதியான வீடு, படித்த தாய், நோயற்ற உடல், இவற்றுள் எதையும் ஒருவர் தேர்வெழுதிப் பெற்றதில்லை. தாலந்து உவமையை நாம் பலமுறை உழைப்பின் பெருமைக்காகவே விளக்குகிறோம். அத்தாலந்துகள் ஊழியர்களுக்குச் சொந்தமல்ல, தலைவருக்குச் சொந்தம் என்ற தொடக்கத்தை விட்டுவிடுகிறோம்.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அரசைக் கேள்வி கேட்பது எளிது.

தமிழகத்தில் உயர்கல்வி வரலாற்றை எழுதுபவர் எவரும் கத்தோலிக்கக் கல்லூரிகளைக் குறிப்பிடாமல் எழுத முடியாது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, 1923-இல் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, அதே ஆண்டில் பெண்களுக்கென எழுந்த திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி, 1925-இன் சென்னை இலயோலா என்று பட்டியல் நீளும். முதல் தலைமுறையாகப் படித்த எத்தனையோ குடும்பங்கள் இக்கல்லூரிகளால் தலையெடுத்தன. இதை நன்றியுடன் சொல்கிறோம்.

அரசியலமைப்பின் 30-ஆவது கூறு சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையைக் காக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 93-ஆவது திருத்தம், தனியார் கல்வி நிறுவனங்களிலும் அரசு இட ஒதுக்கீடு செய்யலாம் என்று வழிவகுத்தபோது சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவ்விலக்கு செல்லும் என்று 2014-இல் உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வும் தீர்ப்பளித்தது. இதன் பொருள் என்ன? ஏழைக்கு இடம் ஒதுக்கும்படி பிறருக்கு இடக்கூடிய கட்டளையைச் சட்டம் நமக்கு இடவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் மனச்சான்று பேசவேண்டும். அடுத்தவருக்குச் சட்டம் விதித்ததை நாம் விருப்பத்தோடு செய்தால், அவ்விலக்கு நம் தன்மையைக் காக்கும் வேலியாகும். செய்யாவிட்டால் அதுவே நம் வசதிக்கான வேலியாகிவிடும்.

'சிறுபான்மையினருக்கு முன்னுரிமை' என்கிறோம். எந்தச் சிறுபான்மையினருக்கு? கத்தோலிக்கர் அனைவரும் ஒரே நிலையில் இல்லை என்பது எந்தப் பங்குத்தந்தைக்கும் தெரியும். ஒரே பங்கில் ஒரு தெருவில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய மாடி வீடு. மறு தெருவில் கூரை. ஒரே திருமுழுக்குச் சான்றிதழ் இரண்டு வீட்டிலும் இருக்கிறது. சான்றிதழை மட்டும் பார்த்து முன்னுரிமை கொடுத்தால் மாடி வீட்டுப் பிள்ளையே முந்துவார். ஏனெனில் அவருக்கு மதிப்பெண்ணும் உண்டு, கல்லூரி அதிபரை அறிந்த மாமாவும் உண்டு.

தலித் கிறிஸ்தவ மாணவரின் நிலை இன்னும் கொடிது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. 2007-இல் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை அத்தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. தமிழகச் சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணை மாறவில்லை. ஆகவே இப்பிள்ளை தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், தன்னைவிடப் பன்மடங்கு வாய்ப்புகள் பெற்ற சமூகங்களோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகிறார். அரசின் வாசலில் "நீ கிறிஸ்தவன்" என்று திருப்பி அனுப்பப்படுகிறவர், கிறிஸ்தவக் கல்லூரியின் வாசலிலும் மதிப்பெண் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் எங்கே போவார்? இதில் நமக்கு ஐயமே இல்லை: நம் கல்லூரிகளின் முன்னுரிமை முதலில் இப்பிள்ளைகளுக்கு உரியது. இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டிற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. ஏட்டில் இருப்பது சேர்க்கைப் பட்டியலில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்தந்த மறைமாவட்டத்துப் பொதுநிலையினர் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. எத்தனை இடங்கள், யாருக்கு, எந்த அடிப்படையில் என்று ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதில் எந்தக் கல்லூரிக்கும் இழப்பில்லை.

நன்கொடையைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. தமிழகத்தில் 1992-லேயே அதைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. பெயர்கள் மாறின, பழக்கம் மாறவில்லை. கட்டட நிதி என்றும் வளர்ச்சி நிதி என்றும் அழைக்கப்படுகிறது. திருச்சபையின் நினைவு இதில் மிகப் பழையது. 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், ஒவ்வொரு பேராலயத்திலும் குருமாணவருக்கும் ஏழை மாணவருக்கும் கட்டணமின்றிக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தி அவருக்கு மானியம் தரவேண்டும் என்றும், கற்பிக்கும் உரிமம் வழங்க எவரும் பணம் பெறலாகாது என்றும் விதித்தது. அறிவு இறைவனின் கொடை, ஆகவே விற்கப்படலாகாது என்பது அக்காலச் சட்ட அறிஞர்களின் வாதம். ஆசிரியரின் உழைப்புக்கு ஊதியம் உண்டு என்பதை அவர்களும் மறுக்கவில்லை. மின்கட்டணமும் ஆய்வகமும் இலவசமாக வருவதில்லை என்பதை நாமும் அறிவோம். ஆனால் கற்பிக்கும் செலவுக்குக் கட்டணம் பெறுவதற்கும், வாசலில் இடத்தை ஏலம் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர்கள் நம்மவர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், ஆற்றலுள்ள ஆனால் வசதியற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழக வாசல் எளிதில் திறக்கவேண்டும் என்று கேட்டது.

இப்போது அக்கடிதத்தில் என்ன எழுதலாம் என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது. இவர் நம் பங்கின் உறுப்பினர் என்று சான்றளிப்பது உண்மைக்குச் சான்று, அதில் குறையில்லை. இவர் நமக்கு வேண்டியவர், ஆலய மணிக்கூண்டுக்கு உதவியவரின் மகன், எனவே ஆவன செய்க என்று எழுதுவது தோமையார் சொன்ன பேதுரு-மார்ட்டின் கதை. எவ்வளவு பணிவான சொற்களில் எழுதினாலும் அது அதுவே. மூன்றாவதாக ஒன்றுண்டு. மதிப்பெண் பட்டியல் மறைப்பதைச் சொல்வது. இப்பெண்ணின் தந்தை கடலில் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன; தாய் கருவாடு விற்கிறார்; காலையில் தாயுடன் சந்தைக்குச் சென்று திரும்பிய பின்னரே பள்ளிக்குப் போனவள்; வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லை; இவற்றை நாம் நேரில் அறிவோம் என்று எழுதினால், அது பரிந்துரை என்பதைவிடச் சாட்சியம் எனலாம். கல்லூரிக்குத் தெரிந்தாக வேண்டிய 'தகுந்த காரணம்' இதுவே. இதை எழுத பங்குத்தந்தை தெருவுக்குள் நடந்திருக்கவேண்டும் என்பது வேறு. ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும்: இத்தகைய சாட்சியத்தைக் கேட்டு வராதவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். கோப்புடன் திண்ணைக்கு வரத் தெரிந்தவர்கள் ஓரளவு வழி தெரிந்தவர்கள். கடிதம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத வீடுகளும் இருக்கின்றன. விண்ணப்பங்கள் இணையவழி ஆகிவிட்ட இந்நாளில், கடைசித் தேதி கடந்த பிறகே செய்தி சென்று சேரும் தெருக்கள் நம் பங்குகளில் உண்டு. இளையோர் இயக்கத்தினர் மே மாதத்தில் இரு வாரங்கள் ஒரு மடிக்கணினியுடன் அத்தெருக்களில் அமர்ந்தால் போதும். பாதி அநீதி அங்கேயே தடுக்கப்படும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தமிழகம் பெருமைப்படலாம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் கல்லூரி வயதுடையோருள் உயர்கல்வி பெறுவோரின் விகிதம் நாடு முழுவதும் 28.4 என்றிருக்க, தமிழகத்தில் 47 ஆக இருந்தது. இது பல தலைமுறைகளின் சாதனை. சத்துணவும் விடுதிகளும் உதவித்தொகைகளும் இட ஒதுக்கீடும் சேர்ந்து செய்தது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியபோது சிலர் ஏளனமாகப் பேசினர். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் பேருந்துக்கும் நாப்கினுக்கும் நகலெடுப்பதற்கும் வீட்டில் கை நீட்டவேண்டிய பெண்ணாக இருந்ததில்லை.

ஆனால் 47 என்ற எண்ணுக்குள் எல்லாக் கல்லூரிகளும் ஒன்றாக எண்ணப்படுகின்றன. ஆசிரியரும் ஆய்வகமும் நிறைந்த கல்லூரியும், மாதச் சம்பளம் தரமுடியாமல் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்கும் சுயநிதிக் கல்லூரியும் அதில் ஒன்றே. ஏழையின் பிள்ளை உள்ளே வந்துவிட்டார். எந்த வாசல் வழியாக, எந்த அறைக்குள் என்பதை அந்த எண் சொல்வதில்லை. பொறியியல் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு பெருகிய காலத்தில், கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்து, அரியர் தாள்களைச் சுமந்துகொண்டு, பட்டம் முடிக்காமல் உணவு விநியோக வண்டி ஓட்டும் இளைஞர்கள் நம் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்தவரை முதல் நாளே ஆங்கிலப் பாடத்தின் முன் உட்காரவைத்து, முதல் பருவத்திலேயே ஐந்து தாள்களில் தோல்வி என்று முத்திரை குத்தினால் யார்தான் தாங்குவார்? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது. ஆனால் வேலை தருவோர் ஆங்கிலத்திலேயே நேர்காணல் நடத்தியதால் அவ்வழி அகலவில்லை.

படிப்பை நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ஆண்டில் நிறுத்துவதில்லை என்பது பங்கு அனுபவத்தில் நாம் கண்டது. முதல் ஆண்டில் ஊரே வாழ்த்தி அனுப்புகிறது. பங்கு மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். மூன்றாம் பருவத்தில்தான் விடுதிக் கட்டணம் பாக்கியாகிறது, தேர்வுக் கட்டணத்துக்கு வழியில்லை, வீட்டில் யாரோ நோயில் விழுகிறார். அந்நேரம் பொன்னாடை போர்த்திய மேடை காலியாக இருக்கிறது. சேர்க்கைக்குக் கடிதம் கேட்டு வந்தவர், படிப்பை நிறுத்தும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. அடுத்த கிறிஸ்து பிறப்புக்கு ஊர் வந்தபோது அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகத் தெரிகிறது.

நம் பங்குகளில் பத்து நாள் திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உபயதாரர் உண்டு. கொடியேற்றத்துக்கும் தேருக்கும் ஒளியமைப்புக்கும் வாணவேடிக்கைக்கும் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் பக்தியை நாம் குறை சொல்லவில்லை. பத்து நாளில் ஒரு நாளின் வாணத்தை நிறுத்தி அத்தொகையைத் தனியே வைக்கும்படி சென்ற ஆண்டு சில பங்குப் பேரவைகளில் பேச்செழுந்தது. பாட்டுக் கச்சேரியாவது இருக்கட்டும், வாணம் போனால் போகட்டும் என்று பெரியவர்களே ஒப்புக்கொண்ட இடங்களும் உண்டு. அப்படி வைக்கப்படும் தொகை புதிதாகச் சேருபவருக்கு அன்று, ஏற்கெனவே சேர்ந்து இரண்டாம் ஆண்டில் தத்தளிப்பவருக்குப் போகவேண்டும் என்பது நம் கருத்து. யாருக்கு என்பதைப் பங்குத்தந்தை தனியே முடிவு செய்யாமல், வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஓர் ஆசிரியரும் ஒரு பெண்மணியும் சேர்ந்த சிறு குழு முடிவு செய்யட்டும். பெயரைப் பூசையில் வாசிக்க வேண்டாம். பணம் பருவத் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முன்பே கைக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் அபராதம் ஏறும், இரண்டு வாரம் தாமதித்தால் நுழைவுச்சீட்டு வராது.